காலண்டர் அட்டையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

அம்மாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள், துணியோடு அளவு ஜாக்கெட் ஒன்றையும் கொண்டுவர வேண்டும். “போன தீபாவளிக்கு நீங்கதானே தச்சீங்க” என்ற பேச்செல்லாம் எடுபடாது. மஞ்சக்குப்பத்தில் பெரிய ஆபீசர் வீட்டு அம்மாவையே அளவு ஜாக்கெட் எடுத்து வரச்சொல்லித் திருப்பி அனுப்பியவள் அவள். அப்படிப்பட்டவள் ஒரு கிராபிக்ஸ் கார்டை மட்டும் அளவில்லாமலா வாங்குவாள்?

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டு. அண்ணன் பிளஸ் டூவில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டிருந்தான். பெங்களூரில் வேலை பார்த்த அப்பா, போனிலேயே அரைமணி நேரம் திட்டித் தீர்த்தார். அதற்கப்புறம் போன் செய்தால் அவனைக் கூப்பிடச் சொல்வதில்லை. அண்ணனும் வாசலைத் தாண்டுவதில்லை. வெளியே போனால் எதிரில் வருகிற ஒவ்வொருவரும் மார்க்கு கேட்பார்களாம். வீட்டிலும் அவன் பேச்சு ‘ம்’, ‘வேணாம்’ என்ற இரண்டோடு முடிந்துவிட்டது. மறுதேர்வுக்கு அம்மாவே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டாள். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. எழுதுவதற்கு அவனல்லவா எழுந்து போக வேண்டும்? அவனோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

அவன் தலைமாட்டில் அவனே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் தூசியடைந்து நின்றது. புதுச்சேரி மாமா கொடுத்த பழைய மதர்போர்டு, அங்கே இங்கே தேடிப்பிடித்த மற்ற சாமான்கள். எல்லாம் ஓடும், ஒரு கார் ரேஸ் கேம் மட்டும் ஓடாது. பரீட்சைக்கு முன்பெல்லாம் அதைப் பற்றியே புலம்பிக்கொண்டிருப்பான்.

ஒரு மத்தியானம் அம்மா அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்தபடி கேட்டாள். “ஏன்டா, அந்த கேம் ஓடணும்னா இன்னா வேணும்?”

“கிராபிக்ஸ் கார்டு. வுடும்மா.”

அன்று முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான். அம்மா உடனே தையல் மிஷினின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டாள். எனக்கு வயிற்றெரிச்சல். மூன்றாவது ரேங்க் எடுத்த எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித்தர வழியில்லை, பெயிலானவனுக்குக் கார்டா? ஆனாலும் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வயிற்றெரிச்சலை ஜெயித்துவிட்டது. நானே டார்ச் பிடித்தேன்.

பச்சைப் பலகை, குட்டிக் குட்டி டப்பாக்கள், பின்னிக் கிடக்கும் ஒயர்கள். அம்மா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “இந்தப் பழுப்பு கலர்ல நீட்டமா ஒண்ணு காலியா கெடக்கே, இதுலதான் சொருவணுமா?” என்றதற்கு மட்டும் சுவர்ப்பக்கமிருந்து ஒரு ‘ம்’ வந்தது.

அந்தப் பள்ளத்தின் நடுவே ஓரிடத்தில் சின்னத் தடுப்பு இருந்தது. அம்மா போன வருஷத்துக் காலண்டர் அட்டையை வெட்டி அதில் நிறுத்திப் பார்த்தாள். தடுப்பு இடித்தது. அந்த இடத்தில் அட்டையில் ஒரு வெட்டுக் கொடுத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு இஞ்ச் டேப்பை உள்ளே விட்டு, எதிரே இடிக்காமல் எவ்வளவு நீளம் போகலாம் என்று பார்த்து, அட்டையை அந்த நீளத்துக்கு நறுக்கினாள். அளவு கார்டு தயார்.

கடலூர் கடைகளில் ஆர்டர் கொடுத்தால் வரும் என்றார்கள். சிதம்பரத்தில் காலேஜ் பசங்க வாங்குவதால் கையிருப்பு இருக்கும் என்றும் சொன்னார்கள். அம்மா லைனிங் துணி வாங்கப் போகிற ஊர்தான். மறுநாளே பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிச் சிதம்பரம் வரும்வரை அட்டை வளையாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மேல வீதிப் பக்கம் மாடியில் இருந்தது கடை. அம்மா அட்டையை நீட்டியதும் கடைக்காரர் சிரித்தார். “அக்கா, இது இன்னா ஜாக்கெட்டா, அளவு குடுக்க? கார்டுன்னா கார்டுதான், எல்லாத்துலயும் சேரும்” என்று கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். எனக்கு வெட்கத்தில் படி இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. அம்மா அட்டையை அதன் மேல் வைத்தாள். அட்டையில் வெட்டு ஓரிடத்தில், கார்டில் வெட்டு வேறிடத்தில்.

கடைக்காரர் அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்க போர்டு பழைய மாடல்க்கா. இது புது மாடல் கார்டு, அதுல எறங்காது. நல்லவேளை எடுத்தாந்தீங்க” என்று உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். வெட்டுக்கு வெட்டு சரி, நீளமும் சரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டையைச் சுமந்தவள் நானல்லவா?

பில் போடும்போது அவர் ஒன்று கேட்டார். “அக்கா, உங்க எஸ்.எம்.பி.எஸ். எத்தினி வாட்ஸு? அதான், உள்ள கரண்ட்டு குடுக்குற டப்பா. இந்த கார்டு கரண்ட்டு ஜாஸ்தி இழுக்கும். பழைய டப்பான்னா தாங்காது, பாதியில ஆஃப் ஆயிடும்.”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “அத என் பையன் பாத்துக்குவான் தம்பி” என்றாள்.

வீட்டுக்குப் போன் போட்டு அண்ணனையே கேட்கலாமே என்றேன். அம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். பஸ்ஸில் மறுபடி ஞாபகப்படுத்தினேன். “வூட்டுல போயி இதெல்லாம் ஒளறாத” என்று சொல்லி வேர்க்கடலைப் பொட்டலத்தை மடியில் போட்டாள்.

அம்மா கார்டை அண்ணனின் தலையணை மேல் வைத்தாள். நெடுநேரம் கழித்து அவன் எழுந்து உட்கார்ந்தான். ஒரே அழுத்தில் அது உள்ளே இறங்கியது. கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. இரண்டாவது வளைவில் எல்லாம் அணைந்துபோனது. மறுபடி போட்டான், மறுபடி அணைந்தது.

“இன்னாடா ஆச்சு?” என்று மிஷினில் இருந்தபடியே அம்மா கேட்டாள்.

அண்ணன் பேசினான். கரண்ட் டப்பா, வாட்ஸ், எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கும் என்று கால்மணி நேரம் பேசினான். அம்மாவும் ஒன்றுமே தெரியாதவள் மாதிரி கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. கிள்ளு வாங்கிய இடம் இன்னும் வலித்ததால் சும்மா இருந்தேன்.

“அப்ப அந்த டப்பாவ மாத்தணுமா? நாளைக்கி நாலு ஜாக்கெட் குடுக்கணும்டா. அந்தக் கடைக்காரத் தம்பிகிட்ட இவ்ளோ விஷயம் சொல்லவும் எனக்குத் தெரியாது” என்றாள் அம்மா.

அவன் மறுநாள் காலையில் குளித்து, சட்டை மாட்டி, பழைய டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். அப்புறம் தலையைக் குனிந்தபடி விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தான். எதிர்வீட்டு மாமா ஏதோ கேட்டார், இவனும் நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போனான். நாலு ஜாக்கெட் அவசரத்தில் இருந்த அம்மா, அவன் முனை திரும்பும்வரை ஜன்னலைவிட்டு நகரவேயில்லை.

எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு நூல் பிசகாமல் அளவெடுத்தவள், கடைக்காரர் வாய்விட்டுச் சொன்னதை வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டாளே. அன்றைக்கே கீரைக்காரம்மாவை நிறுத்தி இரண்டு கட்டு வல்லாரை வாங்கினேன்.

“இது எதுக்குடி?”

“உனக்குத்தான்மா. மறதிக்கு நல்லதாம், டீச்சர் சொன்னாங்க.”

அம்மா என்னையே பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வல்லாரைத் துவையல்தான். கசக்கிறது என்று ஒருநாளும் சொல்லாமல், நான் வைத்ததையெல்லாம் அம்மா சாப்பிட்டாள். பரீட்சை நாளன்று அண்ணன் கிளம்பியபோது அவன் மறந்து வைத்துவிட்ட ஹால் டிக்கெட்டை ஓடிப்போய்க் கொடுத்தவள் அம்மாதான். கீரை வேலை செய்கிறது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.