அப்பாவுக்குப் போட்ட இடம்

எங்கள் நகரில் மனை விற்றபோது கொடுத்த வண்ணத்தாளில் ‘காந்திபுரத்திலிருந்து முப்பதே நிமிடம்’ என்று போட்டிருந்தது. யாருடைய முப்பது நிமிடம் என்று போடவில்லை. டவுன் பஸ்ஸுக்கு அது ஒன்றேகால் மணி நேரம். மழை பெய்தால் எவ்வளவு என்று டிரைவருக்கே தெரியாது. மற்றபடி அந்தத் தாளில் இருந்ததெல்லாம் உண்மைதான். மேற்கே மலை தெரிந்தது. ஆடிக் காற்று அடித்தால் எங்கள் கொடியில் காயப்போட்ட துணியைப் பக்கத்துத் தெருவில் போய்த்தான் எடுத்து வர வேண்டும். விடிகாலையில் மதில்மேல் மயில் வந்து உட்கார்ந்துகொண்டு, நீங்களெல்லாம் யார் என்பதுபோல எங்களைப் பார்க்கும்.

அது கேட்டதில் நியாயம் இருந்தது. விளக்கு வைத்தபிறகு வீடு திரும்பி, விடிவதற்குள் கிளம்பிப் போகிற எங்களைவிட அந்த நகரில் அதிக நேரம் குடியிருந்தது மயில்தான். காந்திபுரத்தில் துணிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நின்ற எதிர்வீட்டு அக்கா அடிக்கடி சொல்வார்: “நல்ல காத்து வேணும்னுதானுங்க இங்க வந்தம். காத்து இங்கயே இருக்குது, நாமதான் பஸ்ஸுல இருக்கறம்.”

நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வீடு இங்கே மாறினாலும் பள்ளிக்கூடம் மாறவில்லை. அதனால் அப்பாவும் நானும் தினமும் ஒரே பஸ்ஸில் டவுனுக்குப் போவோம். அப்பாவுக்கு ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை. செய்து முடித்த பம்பைத் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கும் பிரிவு. ஈரத் தரையில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். நின்று நின்று முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்து, மண்ணுக்கு மேலே வந்துவிட்ட வேர் மாதிரி இருக்கும். நிற்பதைக் குறைத்துக்கொள்ளச் சொன்ன டாக்டரிடம், “நிக்கறதுக்குத்தானுங்க எனக்குச் சம்பளமே” என்றார் அப்பா. டாக்டரும் சிரித்துவிட்டு மாத்திரை எழுதினார்.

ஆக, அப்பா உட்காரக் கிடைப்பது அந்தக் காலை பஸ் மட்டும்தான். அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு அவருக்கு இடம் பிடித்துக் கொடுப்பதை நான் என் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டேன்.

இடம் போடுவது என்று எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர். பஸ் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பும்போதே, உள்ளே இருப்பவர்கள் இறங்குவதற்கு முன்னால், ஜன்னல் வழியாக எதையாவது எறிந்துவிட வேண்டும். துண்டு, குடை, சாப்பாட்டுக் கூடை, எது வேண்டுமானாலும். ஒருநாள் ஒரு கொத்துக் கறிவேப்பிலை மூன்று பேர் சீட்டைக் காத்துக்கொண்டு கிடந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. ஆளைத் தள்ளிவிட்டு ஏறுவார்கள், ஆனால் சீட்டில் கிடக்கும் பொருளை மதிப்பார்கள். அப்படியே தகராறு வந்தாலும் “ஏனுங்க, இது நம்ம துண்டுங்க” என்று ஒருவர் சொல்ல, “உங்குளுதுங்களா, பாக்குலீங்க” என்று மற்றவர் எழுந்துவிடுவார். ஒரு ‘ங்க’ குறையாது.

ஒருமுறை மட்டும் ஏமாந்தேன். அப்பா டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒருவர், “கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கறேங்கண்ணு” என்று கேட்டார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தவர் காந்திபுரம் வரைக்கும் தூங்கினார். எழுப்பப் போன என் கையை அப்பா பிடித்துக்கொண்டார், தூங்குகிறவரை எழுப்பக்கூடாதாம். அன்று சாயங்காலம் கால் வீங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வந்தார். இனிமேல் யார் எந்த வாயால் கேட்டாலும் பையை எடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு வந்த மார்கழியில், ஒரு வெள்ளிக்கிழமை. எங்களுக்கு நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வரும். அன்று சரியாக பஸ் நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. அப்பா குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, அம்மா குடம் குடமாக உள்ளே கொண்டுபோனாள். “நீ முன்னால போயி பஸ்ஸப் புடி அம்மணி. நான் தண்ணிய நிறுத்திப்போட்டு, எதிர்வீட்டு மாமா வண்டியில பிரிவுக்கு வந்து ஏறிக்கறேன். எடம் மட்டும் போட்டு வை” என்றார் அப்பா. பிரிவு என்பது எங்கள் பஸ் இரண்டு ஊர்களைச் சுற்றிவிட்டு சத்தி ரோட்டில் ஏறும் இடம். வண்டியில் நேராகப் போனால் பஸ்ஸுக்கு முன்னால் போய்விடலாம்.

இடம் போட்டேன். ஜன்னலோரம் நான், பக்கத்தில் என் பை. இரண்டாவது ஊரில் ஒருவர் ஏறினார். ஐம்பது வயது இருக்கும். சலவை வேட்டி சட்டை, கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏங்கண்ணு, இங்க ஆளு வருதுங்களா?”

“ஆமாங்க. எங்கப்பா பிரிவுல ஏறுவாங்க.”

“செரிங்கண்ணு, வரட்டும்.”

நிற்பவரின் சுமையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் பஸ்ஸில் வழக்கம். நான் மரியாதை தெரிந்த பெண். கையை நீட்டி அவருடைய பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். என் பை அவருக்கு முன்னால் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

பிரிவு வந்தது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். அப்பா இல்லை. மாமாவின் வண்டியும் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது.

“அப்பா வர்லீங்களா கண்ணு?” என்று கேட்டார் அவர்.

“அடுத்த ஸ்டாப்புல வந்துருவாங்க” என்றேன். வண்டி வேகமாகப் போகும், துரத்திக்கொண்டு வந்து ஏறுவார்கள் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொன்னால் அது பொய் ஆகாது.

“அது வரைக்கும் நான் ஒக்காந்துக்கட்டுங்களா?”

காந்திபுரம் வரை தூங்கியவர் ஞாபகத்துக்கு வந்தார். “எங்கப்பாவுக்குக் கால் ஆகாதுங்க. நிக்கக்கூடாது” என்றேன்.

“அப்படீங்களா. கால் ஆகாதவிக நிக்கப்படாது” என்று ஒத்துக்கொண்டார்.

பெண்கள் சீட்டிலிருந்து எதிர்வீட்டு அக்கா திரும்பிப் பார்த்தார். “ஏங்கண்ணு, பைய மடியில வெச்சுக்கிட்டா அவரு ஒக்காருவாருல்ல?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் நின்றவரே குறுக்கே வந்தார். “இருக்கட்டுங்க அம்மணி. பாப்பாவோட அப்பா வாராராமா. இன்னும் கொஞ்ச தூரந்தானுங்களே.” அவரே அப்படிச் சொன்னபிறகு அக்கா திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஸ்டாப்பும் வந்து போனது. அதற்கடுத்ததும் போனது. அப்பா இனி வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இப்போது பையை எடுத்தால் இவ்வளவு நேரம் சொன்னது பொய்யாகிவிடும். அவர் முன்சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தார். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. மார்கழிக் குளிரில் ஜன்னல் வழியே வந்த காற்று பல்லைக் கிட்டவைத்தது. அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை என் பைமேல் விழுந்தது. பையில் புத்தகம் இருக்கிறதே என்றுதான் நான் கவலைப்பட்டேன்.

கணபதி ஸ்டாப்புக்குச் சற்று முன்னால் அவர் விழுந்தார். விழுந்ததாகவே தெரியவில்லை. ஒருவழியாக உட்கார்ந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். முழங்கால் மடங்கி, என் பைமேல் பாதியும் சீட்டில் பாதியுமாகச் சாய்ந்தார். கோபம்கூட வந்தது. பிறகு யாரோ கத்தினார்கள். டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல், ஏறியிருந்த அத்தனை பேரோடும் பஸ்ஸை நேராக ஒரு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டினார். வேலைக்கு நேரமாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு செருப்பு மட்டும் சீட்டுக்கடியில் கிடந்தது. மஞ்சள் பை என் மடியில் இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அக்கா வாசல் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பைக்குள் ஒரு துண்டு, சின்னத் தூக்குப்போசியில் நான்கு இட்லி, அப்புறம் மடித்து வைத்த நீளமான ரோஸ் நிறத் தாள் ஒன்று. கட்டம் போட்ட தாள். அதன்மேல் கறுப்புக்கோடு ஏறி ஏறி இறங்கியிருந்தது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலையை யாரோ வரைந்து பழகியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இடைவேளையில் பக்கத்துப் பெண்ணிடம்கூடக் காட்டினேன்.

சாயங்காலம் அப்பா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். காலையில் மாமாவின் வண்டி டயரில் காற்று இல்லை, அடுத்த பஸ்ஸில்தான் போனேன் என்று சொன்னவர், எதையோ கேட்க வந்து நிறுத்தி, பிறகு கேட்டார்.

“உம்பக்கத்துல ஆரு ஒக்காந்திருந்தாங்க சாமி?”

“ஒரு ஆயா இருந்தாங்கப்பா.”

“விழுந்தவரு எடங் கேக்குலயா?”

“இல்லீங்கப்பா.”

“செரி” என்றார் அப்பா. தாளை மடித்து, இருந்த மாதிரியே பைக்குள் வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூட லீவு போடாத அப்பா அன்று லீவு போட்டார். அந்தத் தாளில் இருந்த பெயரையும் ஊரையும் வைத்து விசாரித்து, பையைக் கொடுத்துவிட்டு வர எதிர்வீட்டு மாமாவோடு வண்டியில் போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. வாசல் கேட் பக்கத்திலேயே நின்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா முந்தின நாள் பிடித்த நல்ல தண்ணீரில் இரண்டு குடம் கொண்டுபோய், உடுத்தியிருந்த துணியோடு அவர் தலையில் ஊற்றினாள். ஒரு டம்ளர் சிந்தினாலே திட்டும் அம்மா. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “பஸ்ஸுல, ரோட்டுல ஒரே தூசி” என்றாள். வண்டியில்தானே போனார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் விழுந்தவர் எப்படியிருக்கிறார் என்று மட்டும் கேட்டேன்.

“நல்லாயிருக்காராம் கண்ணு. மாத்திர குடுத்துருக்காங்களாம்” என்றாள் அம்மா.

திங்கட்கிழமை நான் வழக்கம்போல இடம் போட்டேன். அப்பா வந்தார், இடத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற ஒருவரிடம் “ஒக்காருங்க” என்றார். மறுநாளும் அப்படியே. நான் முண்டியடித்துப் பிடித்த இடத்தை யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு காந்திபுரம் வரை நின்றார். வாரக் கடைசியில் அழுகிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு. கேட்டேவிட்டேன்.

“எனக்கு இப்பக் கால் பரவால்ல சாமி. நின்னாத்தான் நல்லாயிருக்குது” என்றார்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அவர் அந்த பஸ்ஸில் உட்காரவில்லை. போன வருடம் அவருடைய வலது கணுக்காலில் ஒரு புண் வந்து, மாதக்கணக்கில் மூடாமல் இருந்தது. நான்தான் கட்டு மாற்றினேன். பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா சமையற்கட்டில் என் பக்கத்தில் நின்று, அடுப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பஸ்ஸில் நடந்ததை அவர் அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டாராம். நான் ‘இல்லீங்கப்பா’ என்று சொன்னபோது அப்பாவுக்குத் தெரியும். அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போதே உயிர் போயிருந்தது. முந்தின நாள் இருதயத்தைப் படமெடுத்துப் பார்த்த உள்ளூர் டாக்டர் உடனே டவுனுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டில் கார் இருந்தும், விடிகாலையில் எழுப்பித் தொந்தரவு செய்யக்கூடாது என்று பஸ் ஏறியிருக்கிறார்.

கேதம் கேட்கப் போன வீட்டில் அப்பா, “எடம் போடச் சொன்னவன் நானுங்க” என்று சொன்னாராம். உட்கார்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றாராம் அந்த வீட்டு அம்மா. நின்றுகொண்டே இருக்கிறீர்களே, உட்காருங்கள் என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாராம். “மாமா ஒக்காந்துட்டாரு. உங்கப்பாரு ஒக்காரவே இல்லியாமா” என்றார் அக்கா. இழவு வீட்டுக்குப் போய் வந்தவர் தலைக்கு ஊற்றாமல் நிலைப்படி தாண்டமாட்டார் என்பதும், அந்த இரண்டு குடம் எதற்கு என்பதும், கட்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கின.

அப்போது விளங்கவில்லை. அப்பா ‘கால் பரவால்ல’ என்று சொன்ன வாரத்து ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நகர்ப் பூங்காவில் இருந்த பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். அப்பாவுக்குக் கால் நன்றாகிவிட்டது, பஸ்ஸில் விழுந்தவருக்கும் நன்றாகிவிட்டது, இரண்டுக்கும் சேர்த்து. அப்பாதான் கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கி வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நன்றி சொன்னேன். என் பக்கத்தில் அப்பா, வலது காலை எடுத்து இடது கால்மேல் வைத்தும், மறுபடி மாற்றியும், நான் முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்.