பூக்க விடாத செடிகள்

அப்பா மெல்பேர்னுக்குப் புகையிலை விதை கொண்டுவந்தார் என்பது, கிரான்பர்னில் தம்பி வீட்டுப் பின்வளவில் அவர் நாற்று நட்ட பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. புகையிலை விதை தூசி மாதிரி இருக்கும். திருநீற்றுப் பைக்குள் கலந்து கொண்டுவந்திருக்கிறார். விதையைச் சாம்பலோடு கலந்து தூவுவது எங்கள் வழக்கம் என்பதால், அதில் கள்ளம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

இந்த நாட்டில் அனுமதியில்லாமல் ஒரு புகையிலைச் செடி நட்டாலும் குற்றம். அதைச் சொன்னபோது, "வெத்திலையோடை போடத்தானே, பிள்ளை" என்றார். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு செடிகள். ஊருக்கே வெற்றிலை மடித்துக் கொடுக்கலாம்.

தம்பி படகில் வந்தவன். வந்த நாளிலிருந்து தற்காலிக விசாக்களிலேயே காலம் போகிறது. நிரந்தர விசாவுக்குப் போட்ட மனு இப்போதுதான் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அந்த வாடகை வீடு அவன் பெயரில் இருந்தது. ஒரு பொலிஸ் வழக்கு வந்தால் போதும், எல்லாம் பாழ். அன்றே நான் அவற்றைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. ஒரு வருட விசாவில் வந்து, வந்த நாள் முதல் திரும்பிப் போகிற கதையே கதைத்துக்கொண்டிருந்த மனிதர், செடி வைத்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார். அதைப் பார்த்து விட்டுவைத்தது என் பிழை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் காரியங்கள் எல்லாம் புகையிலையைப் பார்த்துத்தான் நடந்தன. கலியாணம் பேசுவதும், பல்லுப் பிடுங்குவதும், சித்தப்பாவோடு வேலிச் சண்டை பிடிப்பதும் இலை விலைப்பட்ட பிறகுதான். பிள்ளை மட்டும் கேளாமல் பிறக்கலாம். தம்பிக்கு இருபத்திரண்டு வயதானபோது, ஊரில் ஆமிக்காரர் பெடியன்களைத் தேடித் தேடிப் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். கொழும்புக்குப் போகப் போவதாக அவன் சொன்னான். தோட்டத்தில் புகையிலை வெட்டுக்கு ஆள் இல்லாத நேரம். "இன்னும் மூண்டு கிழமை பொறு, வெட்டு முடியட்டும்" என்றார் அப்பா. பத்தாம் நாள் ஜீப்பில் வந்து அவனைக் கொண்டுபோனார்கள். பதினொரு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தான். அதன் பிறகுதான் படகு. அந்த வருடம் எங்கள் இலை நல்ல விலைக்குப் போனது. அந்தக் காசில் செய்த தாலிக்கொடிதான் இன்றைக்கும் என் கழுத்தில் கிடக்கிறது.

ஜனவரியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற வீட்டுச் சோதனைக்கு வாடகை ஏஜென்சியிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். தம்பி சாமான் கிடங்கில் வேலையில் நின்றதால், நான் பொயிண்ட் குக்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரில் போயிருந்தேன். பின்வளவுக்கு வந்தவள், இவை என்ன என்று கேட்டாள். பூச்செடி என்றேன். புகையிலை இனத்திலேயே அழகுக்கு வளர்க்கும் பூச்செடி கடைகளில் விற்கிறார்கள், ஆகவே முழுப் பொய்யும் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எப்போது பூக்கும், என்ன நிறம் என்று அவள் ஆசையாகக் கேட்டபடி தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து, செடிகளுக்கு நடுவில் நின்ற அப்பா ஒரு மொட்டை நறுக்கென்று கிள்ளினார்.

பூத்தால் இலை மெலிந்துவிடும், காரம் போய்விடும். மொட்டு எட்டிப் பார்த்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அறுபது வருடமாக அதைச் செய்த விரல்களுக்கு ஏஜென்சியாவது, சோதனையாவது. ஏன் பூவைக் கிள்ளுகிறார் என்று அவள் கேட்டாள். வயது போய்விட்டது, கை சும்மா இருக்காது என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாளில் தம்பிக்கு மின்னஞ்சலில் அறிக்கை வந்தது. மேலே அவனுடைய பெயர், கீழே படம். இருபத்திரண்டு செடி, ஒன்றிலும் பூ இல்லை, அப்பாவின் இரண்டு விரல்களுக்கு நடுவே மொட்டு. செடி தெரிந்த யார் பார்த்தாலும் அது பூவுக்கு வளர்க்கிற கை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். நான் அன்று தம்பி வீட்டுக் குசினியில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி சத்தம் போடவில்லை. படத்தை அப்பாவிடம் காட்டி, "இதாலை எனக்கு விசா இல்லாமல் போகும், அப்பா" என்று மட்டும் சொன்னான்.

"இன்னும் மூண்டு கிழமை, தம்பி. இலை முத்தினோடனை வெட்டிப்போடுவம்" என்றார் அப்பா.

தம்பி சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். சொல்லி முடித்த பிறகுதான், 'மூண்டு கிழமை' என்ற தன் சொல்லே அப்பாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். கதிரையில் அப்படியே இருந்தார். நான் கோபத்தோடு என் வீட்டுக்குக் காரை எடுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. மனம் கேளாமல் மத்தியானம் மீண்டும் போனேன். பாத்தியில் ஒரு செடி இல்லை. இருபத்திரண்டையும் வேரோடு பிடுங்கி, துண்டு துண்டாக வெட்டி, தோட்டக் குப்பை போடும் பச்சைத் தொட்டிக்குள் அடைத்திருந்தார். தொட்டி மூடவில்லை. அவருடைய விரல்களில் பிசின் கறுத்து ஒட்டியிருந்தது. போட்டுக் கொடுத்த சோற்றைத் தொடாமல் இருந்தார்.

மேலதிக வேலைக்குப் போயிருந்த தம்பி நாலு மணிக்கு வந்தான். பின்வளவைப் பார்த்துவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றான். அப்பா கதிரையை விட்டு எழுந்தார். மகனைக் கண்டு எழும்பும் அப்பாவை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அண்டைக்கும் வெட்டைப் பாராமல் உன்னை அனுப்பியிருக்க வேணும்" என்றார்.

தம்பி பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லுவான் என்று நான் காத்திருந்தேன்.

"ஓம் அப்பா. அனுப்பியிருக்க வேணும்."

அப்பா தலையாட்டினார். பிறகு கதிரையில் அமர்ந்து, ஆறிப்போன சோற்றைப் பிசையத் தொடங்கினார்.