இர்மா கேட்ட கல்

போன செவ்வாய்க்கிழமை பல்லுக் காட்டப் போய்விட்டு, ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய், வாயைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு ட்ராமின் கடைசித் தரிப்பில் இறங்கினேன். அந்த மூலையில் முந்தி ஒரு பேக்கரி இருந்தது. பூட்டி இரண்டு வருசமாகக் கண்ணாடியில் தாள் ஒட்டிக் கிடந்தது. இப்போது தாளைக் காணவில்லை, கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு மணம் வந்தது பாருங்கோ. புதிதாக வெள்ளையடித்த சுவரில் மழை பட்டால் ஒரு மணம் வருமே, அதோடு சோளம் அவிகிற மணமும் சேர்ந்தால் எப்படியிருக்கும், அது. கன்னம்தான் மரத்திருந்தது, மூக்கு மரக்கவில்லை.

மெக்சிக்கன் சாப்பாட்டுக் கடை. பலகையில் சோக்கால் எழுதியிருந்தார்கள்: சோளத்தை நாங்களே சுண்ணாம்பில் அவித்து நாங்களே அரைக்கிறோம் என்று. நான் உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்க மர வாங்கில் குந்தியிருந்து அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பல்லு நோவென்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

உங்களுக்கு இர்மாவைத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்லவே தேவையில்லை.

இர்மாவும் நானும் பதினொரு வருசம் ஒரு பள்ளிக்கூடத்தைத் துடைத்தோம். பின்னேரம் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் வெளியே வர, வாளியும் கையுமாக நாங்கள் உள்ளே போவோம். அவளுக்கு ஊர் மெக்சிக்கோவின் தெற்கில், மலைப்பக்கம். ஒரு ஜேர்மன்காரனைக் கட்டி இங்கே வந்தவள். அவன் கெதியாக, கொஞ்சக் காலத்திலேயே செத்துப்போக, தனிய நின்று ஒரு மகனை வளர்த்து ஆளாக்கினாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கட முறைக்கு அக்கா என்று கூப்பிட வேணும். ஜேர்மனில் ஆர் அக்கா என்று கூப்பிடுகிறார்கள்? நீ என்று தொடங்கினேன், கடைசிவரை நீதான்.

எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஜேர்மன் ஒன்றுதான். அதுவும் முழு ஜேர்மன் இல்லை. சொல்லுக்கு முன்னால் ஒட்டவேண்டிய டெர், டீ, டாஸ் மூன்றையும் முதல் கிழமையே தூக்கி எறிந்துவிட்டோம். வினைச்சொல்லை அப்படியே பிடுங்கி வைப்போம். சொல் நீளமென்றால் வாலை வெட்டுவோம். இல்லை, வேண்டாம், முடியாது, தெரியாது எல்லாவற்றுக்கும் ஒரே சொல், நிக்ஸ். தமிழில் சொன்னால், "நாளைக்கு நீ வா, நான் கோப்பி போடு, ரெண்டு பேர் இரு" என்கிற மாதிரி. என் மகள் காதைப் பொத்துவாள்.

"அம்மா, உங்கட ஜேர்மனைக் கேக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்பாள்.

எனக்கென்ன வெட்கம். இவரோடு பிடித்த சண்டை, ஊரில் அண்ணை காணாமல் போனது, மாதவிடாய் நின்றது, எல்லாவற்றையும் நான் அந்த ஜேர்மனில்தான் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். தமிழில்கூட நான் அவ்வளவு கதைத்ததில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வாறன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் நல்ல மெக்சிக்கன் சாப்பாடு தேடிப் போவோம். இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு புறநகரிலும் அப்படி ஒரு கடை இருந்தது. சுவரில் பெரிய தொப்பி, மூலையில் பிளாஸ்டிக் கள்ளி, எதைக் கேட்டாலும் மேலே உருக்கின சீஸ். இர்மா எதையும் வாங்க மாட்டாள். அவர்களுடைய சோள ரொட்டி, தோர்த்திய்யா, அதில் ஒன்றை மட்டும் கொண்டுவரச் சொல்வாள். இரண்டு கையாலும் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவாள். கண்ணை மூடுவாள். திரும்பச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு ஒரு சொல் சொல்வாள்.

"பப்பே."

ஜேர்மனில் பப்பே என்றால் காகித அட்டை. சப்பாத்துப் பெட்டி செய்கிற அட்டை. பரிமாறுகிற பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே சொல்வாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாது. ஒருநாள் அப்படிச் சொன்னதும் குசினிக் கதவு திறந்தது. தலையில் வைக்கோல் தொப்பியோடு சமையல்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தால் எங்கட ஆள், கைதடிப் பக்கம்.

"அக்கா, நான் என்ன செய்ய? பெட்டியில வருது, சூடாக்கிக் குடுக்கிறன். தொப்பி முதலாளி போடச் சொன்னது" என்றார்.

இர்மா சிரித்த சிரிப்பு. "மெக்சிக்கோ தேடு, உன் தம்பி வா" என்று அந்த மாதம் முழுக்கச் சொல்லிச் சொல்லி என்னைத் தின்றாள்.

ஏன் இப்படிப் பிடிவாதமாகத் தேடுகிறாள் என்று எனக்கு எரிச்சல் வரும். எனக்குப் புட்டில்லாவிட்டால் பேக்கரிப் பாண் இறங்கும். ஒருநாள் வகுப்பில் கதிரைகளைத் தூக்கி மேசையில் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன். அவள் கதிரைகளைக் கவிழ்த்துக்கொண்டே போனாள். ஒரு வரிசை முடித்துவிட்டுச் சொன்னாள்.

"என் அம்மா கடைசி எல்லாம் மற. என் பேர் மற. தன் பேர் மற. ஆனால் தோர்த்திய்யா வாயில் வை, உடனே சொல்: இது நேற்றுச் செய். எல்லாம் போ, நாக்கு இரு." கையில் கதிரையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எனக்கும் அது வா. நான் தெரி. அப்ப நீ செய். நல்லது செய், என் வாயில் வை. பப்பே நிக்ஸ். சொல்லு, ஓம்."

ஆமென்பதற்கு ஓம் என்ற சொல்லை என்னிடம்தான் பொறுக்கியிருந்தாள். நானும் ஓம் என்றேன். வாளித் தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அந்த அந்தர அவசரத்தில் சொன்ன ஓம் அது.

கடையில் கிடைக்காது என்று முடிவாகிவிட்டது, வீட்டில் செய்வோம் என்றாள். காய்ந்த வெள்ளைச் சோளம் துருக்கிக் கடையில் எடுத்தாயிற்று. "கல் நிக்ஸ்" என்றாள். "எல்லாம் இரு, கல் மட்டும் நிக்ஸ். கல் இல்லாமல் ஒன்றும் நிக்ஸ்." இரண்டு கையையும் முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து அரைக்கிற மாதிரியும் காட்டினாள். இதிலே விளங்காமல் என்ன இருக்கிறது? கல்லென்றால் கல்தானே. இவர்களும் எங்களைப் போல அம்மியில்தான் அரைக்கிறார்கள், அந்தச் சொல்கூட ஒன்றாக இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோசப் புளுகம்.

அந்த வருசம் இங்கே ஊன்ட்றொப்பில் இருக்கிற எங்கட கோயில் தேருக்குப் போனபோது கடைத்தெருவில் ஒரு அம்மி கண்டேன். குழவியோடு. இவர் அர்ச்சனைத் தட்டையும் அம்மியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு விசரே? மிக்ஸி வீட்டில சும்மா கிடக்கு" என்றார்.

"எனக்கில்லை, இர்மாவுக்கு."

"அப்ப அவவையே வந்து தூக்கச் சொல்லன்."

ஆனாலும் அவர்தான் தூக்கினார். வாகனம் விட்ட இடம் வரைக்கும் சனத்துக்குள்ளால், வேட்டியோடு. பிறகு இரண்டு கிழமை முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், அதை இப்பவும் சொல்லிக்காட்டுவார்.

இர்மாவின் குசினி நிலத்தில் அம்மியை வைத்துச் சாக்கை உரித்தேன். "கல்" என்றேன், பெருமையாக. அவள் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டாள். எழும்பித் தண்ணிப் பைப்பின் வாயைச் சுரண்டி, நகத்தில் வந்த வெள்ளைப் பொடியைக் காட்டினாள். "கல்! கல்க்!"

கல்க் என்றால் ஜேர்மனில் சுண்ணாம்பு. அவர்களுடைய மொழியில் அதற்குப் பேரே கல்தானாம். வருசக்கணக்காகப் பள்ளிக்கூடக் கக்கூசுகளில் நாங்கள் மருந்து ஊற்றி உரஞ்சிக் கழுவின அதே சுண்ணாம்பு. அதைப் போட்டுச் சோளத்தை அவித்து ஊறவிட்டால்தான் தோல் கழலும், மா ஒட்டும், அந்த மணம் வரும். அதைத்தான் அவள் ஊரெல்லாம் தேடியிருக்கிறாள். நான் வெற்றிலைச் சுண்ணாம்பு என்று ஒன்று இருப்பதை நினைத்து நெற்றியில் அடித்தேன். எங்கட தமிழ்க்கடையில், வெற்றிலைக் கட்டுக்குப் பக்கத்தில், சின்னச் சின்ன டப்பாவில் வரிசையாக அடுக்கிக் கிடக்கும்.

சிரித்து முடிய அவள் அம்மியைக் கையால் தடவினாள். அவர்களுடைய அம்மிக்கு மூன்று கால் இருக்குமாம், ஒரு பக்கம் சரிந்திருக்குமாம். மற்றும்படி இதேதானாம். அம்மாவின் கல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தாளாம். அப்போதுதான் அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை சுண்ணாம்பு டப்பாவும் என் தோசைக்கல்லுமாகப் போனேன். "இதுவும் கல்" என்றேன். "உன் மொழியில் எல்லாம் கல்" என்றாள். முழங்காலை ஊன்றி இருந்து அவள் அரைத்தாள், நானும் அரைத்தேன். அவள் தட்டினது வட்டம், நான் தட்டினது இந்த நாட்டின் படம் மாதிரி. முதல் ரொட்டி பொங்கி எழும்ப, தூக்கி மூக்கில் வைத்தாள். பப்பே வரவில்லை. பாதியைப் பிய்த்து என் வாயில் வைத்தாள். அதன்பிறகு மாதத்தில் ஒரு சனி எங்களுக்கு அதுதான் வேலை.

நோய் வந்ததை முதல் கண்டது நான்தான். கண்டதும் ஏசினதும் நான்தான். ஒருநாள் ஒரே வகுப்பை இரண்டு தரம் துடைத்தாள். "உனக்குக் கண் நிக்ஸா? நாங்கள் எப்ப வீட்ட போ?" என்று கத்தினேன். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டரிடம் டெர்மின் என்று நேரம் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கு என்ன கிழமை என்று அவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்து ஸ்பானிஷில் என்னவோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

ஜேர்மன்தான் அவளிடமிருந்து முதல் போனது. கடைசியாக வந்தது முதல் போகுமாம், டொக்டர் சொன்னார். மற்றவர்களுக்கு அது ஒரு நோயின் அடையாளம். எனக்கு, அவளோடு கதைக்க இருந்த ஒரே மொழி போய்விட்டது. பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருப்போம், அவள் தன் மொழியில் கதைப்பாள், நான் என் மொழியில் ஓம் ஓம் என்பேன்.

மகன் தூரத்தில் வேலை. அவளை ஒரு முதியோர் இல்லத்தில் விட்டான். குற்றம் சொல்ல மாட்டேன், அவன் வேறென்ன செய்ய? வீட்டைக் காலி பண்ணும்போது, இந்தக் கல்லை என்ன செய்யட்டும் என்று போன் எடுத்தான். இவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார், இந்த முறை ஒரு சொல்லும் சொல்லாமல்.

ஞாயிறுகளில் போய்ப் பார்ப்பேன். ஒரு ஞாயிறு அங்கே வேலை செய்கிற பிள்ளை, அவள் சாப்பிடுவதை நிற்பாட்டிவிட்டாள் என்று சொன்னது. கரைத்துக் கொடுத்தாலும் துப்புகிறாளாம். வீட்டுச் சாப்பாடு ஏதும் கொண்டுவரலாமா என்று கேட்டது. எனக்கு அந்த ஓம் ஞாபகம் வந்தது.

இனிச் சொல்வதைச் சொல்லாமல் விடலாம். ஆனால் சொல்லத்தான் வேணும். அந்தக் கிழமை எனக்கு இரண்டு இடத்தில் வேலை, முழங்கால் வீங்கியிருந்தது. சோளம் அவித்து, ஊறவிட்டு, கழுவி, முழங்காலில் இருந்து அரைக்க ஆருக்கு ஏலும்? அவளுக்கு ஒன்றும் தெரியாத நிலைதானே என்று நினைத்தேன். சுப்பர்மார்க்கெட்டில் பக்கெற்றில் விற்கிற ரொட்டியை வாங்கி, தோசைக்கல்லில் சூடாக்கி, சனிகளில் ரொட்டி சுற்றுகிற எங்கட துணியில் சுற்றி அடுத்த ஞாயிறு கொண்டுபோனேன். துணியைக் கண்டதும் இர்மா நிமிர்ந்து இருந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். ரொட்டியைத் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். பிறகு மெல்லமாக என் மடியில் வைத்தாள்.

"பப்பே" என்றாள்.

எட்டு மாதமாக அவள் வாயில் ஒரு ஜேர்மன் சொல் வரவில்லை. வந்தது அதுதான். என்னைப் பார்த்துச் சொன்னாள், கோபமில்லாமல்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து சோளத்தைச் சுண்ணாம்பில் போட்டேன். அடுத்த நாள் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு அரைத்தேன். முழங்கால் போனால் போகட்டும். ஏழு ரொட்டி, எல்லாம் பொங்கி வந்தது, ஒன்று வட்டமாகவும் வந்தது. கொண்டுபோனால் அவளுக்குக் காய்ச்சல், வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்கள். நித்திரையில் கிடந்தாள். துணியைப் பிரித்து அவள் மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். மூக்கு அசைந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. அசையவில்லை. புதன்கிழமை மகன் போன் எடுத்தான்.

அந்த ஏழு ரொட்டியையும் என்னால் தின்னவும் ஏலவில்லை, எறியவும் ஏலவில்லை. குசினி மேசையில் கிடந்து, செத்தவீடு முடிந்து வந்து பார்க்கும்போது காய்ந்து அட்டையாகியிருந்தது. அம்மி இப்பவும் பல்கனியில் இருக்கிறது. மேலே இவர் கற்பூரவள்ளிச் சாடியை வைத்திருக்கிறார். நான் எடுக்கச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். மரப்பு இல்லை, பல்லு நோவும் இல்லை, சாட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. மெக்சிக்கன் பெட்டை ஒன்று, என் மகளின் வயது இருக்கும், நல்ல சுத்தமான ஜேர்மன் கதைத்தது. ஒரு தோர்த்திய்யா மட்டும் தா, மேலே ஒன்றும் நிக்ஸ் என்றேன். கொண்டுவந்து வைத்தது. இரண்டு கையாலும் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடினேன். அதே மணம். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். எத்தனை ஞாயிறு அலைந்தோம் இதற்காக.

"இர்மா, பப்பே நிக்ஸ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அந்தப் பெட்டை குனிந்து, "மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்? எனக்கு விளங்கவில்லை" என்றது. விளங்காதுதான் பிள்ளை. அந்த ஜேர்மன் கதைத்தது இரண்டு பேர். இப்போது நான் மட்டும்தான்.