மைதாப் பசையில் ஒட்டிய ஹீரோ

மகள் வாங்கிவந்த புது காமிக்ஸைப் பிரித்ததும் எழுந்த பசை வாசனையில், தேரடிக்குப் பின்னால் இன்று லாட்ஜ் நிற்கும் இடத்தில் காதர் பாய் நடத்திய வாடகைப் புத்தகக் கடை திரும்பி வந்துவிட்டது. கிழிந்த பழைய இதழ்களையும் புதிய இதழ்களையும் மைதாப் பசை தடவி அவர் ஒன்றாக பைண்டு செய்துவிடுவார். அதனால் மகளின் காமிக்ஸில் வரும் இதே சூப்பர் ஹீரோ அங்கே ஒரு பக்கத்தில் நீலச் சட்டையோடு மாடியிலிருந்து குதித்து, அடுத்த பக்கத்தில் சிவப்புச் சட்டையோடு பறந்துகொண்டிருப்பார். நாங்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை. பறப்பதற்குத் தனிச் சட்டை வேண்டாமா?

"அம்மா, ஆரம்பத்துல அவருக்குப் பறக்கவே தெரியாதாம். ரொம்ப வருஷம் கழிச்சுதான் கதை எழுதுறவங்க அந்த சக்தியைக் குடுத்தாங்களாம்" என்றாள் மகள், முன்னுரையைக் காட்டி.

"அவங்க எப்ப வேணா குடுத்துக்கட்டும். பாய் கடையில அவரு குதிச்ச அன்னிக்கே பறந்துட்டாரு" என்றேன்.