சேசிஸ் மேல் ஏறிய இரண்டாவது மானிட்டர்

1. எலுமிச்சம் பழம்

மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வந்தபோது மணி பத்தேகால். பதினோரு மணிக்கு, லாரி கட்டக் கொடுத்த பார்ட்டி வருவதாக இருந்தது. எனக்குப் பின்னால் முதலாளி குழந்தைவேல் கையில் ஓர் எலுமிச்சம் பழத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

இடம், நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறை. வெறும் சேசிஸாக, இன்ஜினும் சக்கரமும் பூட்டிய இரும்புச் சட்டமாக மட்டும் வந்து நிற்கிற வண்டிக்குக் கேபின், தொட்டி, பெயிண்ட் என்று எல்லாம் செய்து லாரியாக அனுப்புவார்கள். நான் அவர்களுடைய கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன். முப்பது வருடமாக இந்த ஊரில் இதே தொழில். கோழிப்பண்ணை ஆபீஸ் சிபியூவுக்குள்ளிருந்து இறகு எடுத்திருக்கிறேன், ஒரு தடவை முழு முட்டையே எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு லேப்டாப்பில் இரண்டாவது மானிட்டர் மாட்டப் போய், ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

அந்தப் பெண் சுமதி. நாமகிரிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பட்டறைக்கு பில் போட வந்தவள். வண்டிகளின் டிராயிங்கை அப்போதெல்லாம் சேலத்தில் கொடுத்துத்தான் போட்டு வாங்குவார்கள். சுமதி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ பார்த்துப் படித்தே இலவசமாகக் கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் ‘கேட்’ (CAD) டிராயிங் சாப்ட்வேரைக் கற்றுக்கொண்டு, அந்த வேலையைப் பட்டறைக்குள் கொண்டுவந்துவிட்டாள். அவள் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். “வைரஸ் வராதுங்க, லைசென்ஸ் கேட்டு ஒருத்தனும் வரமாட்டானுங்க” என்று முதலாளியிடம் மேடை போடாத குறையாகப் பேசியிருந்தேன்.

சிக்கல் பார்ட்டிகளால் வந்தது. டிராயிங் பார்க்க வருகிறவர்கள் சுமதியின் தோளுக்கு மேல் குனிந்து, ஸ்கிரீனில் விரலை ஊன்றி, “இந்தக் கம்பிய அக்கட்டத் தள்ளும்மா” என்பார்கள். ஒருவர் இஞ்சு டேப்பையே ஸ்கிரீன் மேல் வைத்துப் பிடித்து, தொட்டி நீளம் குறைகிறது என்று சண்டை போட்டார். அதனால்தான் இரண்டாவது மானிட்டர். சுமதி லேப்டாப்பில் வேலை செய்வாள், பார்ட்டி எதிரில் உட்கார்ந்து பெரிய ஸ்கிரீனில் பார்ப்பார். யோசனை என்னுடையதுதான்.

முதலாளிக்கு எதைத் துவக்கினாலும் எலுமிச்சம் பழம் வேண்டும். புது வண்டி என்றால் சக்கரத்தின் கீழ் வைத்து ஏற்றி நசுக்கலாம். மானிட்டருக்கு ஏது சக்கரம்? ஸ்டாண்டின் கீழே வைத்து இரண்டு பேர் அமுக்கிப் பார்த்தார்கள். மானிட்டர் ஒரு பக்கம் சாய்ந்ததே தவிர பழம் நசுங்கவில்லை. பார்ட்டி வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையில் வைத்துக்கொண்டார்.

“சார், இன்னைக்கு இது ஆகோணுமுங்க. ஆகலீன்னா டிராயிங்கப் பழையபடி சேலத்துக்கே குடுத்தர்றனுங்க. அப்பறம் இந்தப் புள்ளைக்கு இங்க என்ன வேல இருக்குதுங்க? பில்லுப் போட இப்ப எம் மச்சினன் பையன் வந்துட்டான்” என்றார். சுமதி நிற்கும்போதே சொன்னார். அவள் லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

2. கர்னல்

லேப்டாப்பின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். கொஞ்சம் இறுக்கமாகப் போனது. அந்த ஓட்டையில் அதுவரை எதையும் சொருகியதில்லை, புதுசு அப்படித்தான் இருக்கும் என்று அழுத்தித் தள்ளினேன். நோ சிக்னல்.

அதன்பிறகு ஒரு சர்வீஸ்காரன் என்னென்ன செய்வானோ அத்தனையும் செய்தேன். டிஸ்பிளே செட்டிங்ஸில் ஒரே ஒரு ஸ்கிரீன்தான் தெரிந்தது. டெர்மினலைத் திறந்து கமாண்ட் கொடுத்தேன், ‘டிஸ்கனெக்டட்’ என்றது. கேபிளை மாற்றினேன். லாக் அவுட் செய்து வேறு செஷனில் நுழைந்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியதும் வெல்டிங்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். எர்த் கொடுத்தால் சரியாகும் என்று ஒருவர் கம்பியோடு வந்தார், துரத்தினேன்.

மணி பத்து ஐம்பது. வியர்த்துப்போய், “கடைசியா இதுல என்னம்மா பண்ணுன?” என்று சுமதியைக் கேட்டேன்.

“நேத்து அப்டேட் கேட்டுச்சுங்க சார். குடுத்தேனுங்க.”

வெள்ளத்தில் போகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி பிடித்துக்கொண்டேன். முதலாளி பக்கம் திரும்பி, “இதுதானுங்க கோளாறு. லினக்ஸுக்கு உசுரே கர்னல்தானுங்க, அப்டேட்டுல அது மாறிப்போச்சு. என்னையக் கேக்காம கை வெச்சா இப்படித்தான் ஆகும்” என்றேன்.

வாரம் தவறாமல் அப்டேட் போடச் சொல்லி அவளிடம் படித்துப் படித்துச் சொன்னவன் நான். முதலாளி அவளைப் பார்த்த பார்வை எனக்கே சுருக்கென்றது. பழைய கர்னலில் பூட் செய்து பார்த்தேன். அதிலும் நோ சிக்னல்தான். அப்படியென்றால் அப்டேட் காரணமில்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

3. டவர்

பதினோரு மணிக்குப் புதுச்சத்திரத்து நல்லதம்பி வந்தார். ஏற்கெனவே ஆறு லாரி ஓடுகிறது, ஏழாவதுக்குச் சேசிஸ் எடுத்துப் பட்டறையில் விட்டிருந்தார். மானிட்டரின் எதிரில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“நோ சிக்னலுன்னு போட்டிருக்குதுங்களே. டவரு இல்லீங்களா?”

“இது வயர்ல வர்றதுங்க. டவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க” என்றேன்.

“வயரு இருந்தா என்னங்க, டவரு வேணுமல்லங்க? இந்தத் தகரக் கொட்டாய்க்குள்ள எம்பட போனே பேசறதில்ல. வெளிய கொண்டு போனா எடுக்குமுங்க.”

முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் முட்டிமோதி, கடைசியில் கர்னல் என்று சொல்லியும் ஒன்றும் நடக்காத ஆளைவிட, டவர் என்கிற ஆள் தெளிவாகப் பேசுவதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். “தூக்குங்கடா” என்றார்.

முப்பது வருட அனுபவசாலியான நான் தடுத்திருக்க வேண்டும். எனக்கும் யோசிக்கப் பத்து நிமிடம் தேவைப்பட்டதால் பேசாமல் பின்னால் போனேன். இரண்டு வெல்டிங்காரர்கள் மானிட்டரைத் தூக்க, ஒருவர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிடிக்க, சுமதி லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்க, முன்னால் எலுமிச்சம் பழத்தோடு முதலாளி. சாமி ஊர்வலம் தோற்றது. களத்தில் நின்ற நல்லதம்பியின் சேசிஸ் மேல் பலகை போட்டு மானிட்டரை ஏற்றினார்கள். வெயில் படாமலிருக்க மானிட்டருக்கு மேலே தார்ப்பாய் கட்டினார்கள். “இன்னுஞ் சித்த ஒசரத்துல வெச்சாத் தேவுலீங்க” என்றார் நல்லதம்பி.

4. ஓட்டை

சுமதி தார்ப்பாய்க்கு வெளியே நின்று லேப்டாப்பைச் சாய்த்துப் பிடிக்க, நான் கேபிளோடு குனிந்தேன். பக்கத்தில் பெயிண்டர் மாணிக்கம் நின்றார். வண்டிக்கு நம்பரும் பூவும் எழுதுகிறவர். வெயில் நேராக அந்த ஓட்டைக்குள் விழுந்தது.

“ஏனுங்க சார், உள்ள மஞ்சளா இருக்குதே, அது கம்பெனியிலயே அடிச்சு உடறதுங்களா?”

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எச்டிஎம்ஐ போர்ட் என்று நாங்கள் சொல்கிற அந்த ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது. நடுவில் சிவப்பாகக் குங்குமம். நான் தள்ளிய தள்ளில் அது இன்னும் நன்றாக உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

“எவன்டா இதுக்குள்ள சந்தனம் வெச்சது?” என்று முதலாளி கத்தினார். எல்லாரும் சுமதியைப் பார்த்தார்கள், லேப்டாப் அவளுடையது. சுமதி என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பத்து நாளைக்கு முன் ஆயுத பூசை. வெல்டிங் மிசின், கம்ப்ரசர், சுத்தியல் வரைக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னை மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சுமதி சந்தனத்தைக் குழைத்து லேப்டாப்பைத் திறந்தபோது ஓடிப்போய்த் தடுத்தேன். “ஸ்கிரீன்ல வெக்காதம்மா, டிஸ்பிளே போயிரும். இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குது. ஒதுக்கமா சைடுல வெக்கோணும், இங்க குடு” என்று தட்டை வாங்கி, நானே மூன்று விரலால் தாராளமாகப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் அழுத்தினேன். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. மறுநாள் சுமதி வெளியே இருந்ததைத் துடைத்திருக்கிறாள். உள்ளே போனது அவளுக்கு எப்படித் தெரியும்?

தூசி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஏற்கெனவே ஒரு தடவை அவள் தலையில் பழியைப் போட்டாயிற்று, இரண்டாவது தடவை போட்டால் அவளுக்கு வேலை போய்விடும் என்பதும் தெரிந்தது.

“நானுங்க” என்றேன். “பூசையன்னைக்கு நாந்தானுங்க வெச்சேன். அப்டேட்டும் நாஞ் சொல்லித்தான் அது போட்டுச்சு. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

முதலாளி கையிலிருந்த எலுமிச்சம் பழத்தைப் பார்த்தார். “மிசினுக்கு யாரு கண்ணு பட்டுச்சோன்னு நெனச்சனுங்க. பட்டது உங்க கையிங்க” என்றார்.

லேப்டாப்பை ஆஃப் செய்தோம். மாணிக்கம் ஈர்க்குச்சியைச் சீவி, ஸ்பிரே கன் நாசிலைச் சுத்தம் செய்கிற பதத்தில் மெதுவாகச் சுரண்டி எடுத்தார். நான் தொடவில்லை. இரண்டாவது தடவையாகத் தொடுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஆன் செய்து கேபிளைச் சொருகியதும் அது வழுக்கிக்கொண்டு போனது. சுமதி டிராயிங்கைத் திறந்ததும் சேசிஸ் மேல் இருந்த மானிட்டரில் முழு லாரியும் வந்து நின்றது.

மானிட்டர் சுமதிக்கு இடப்பக்கம் இருந்தது, சாப்ட்வேர் அதை வலப்பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்ததால் மவுஸ் காணாமல் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் சுமதி செட்டிங்ஸில் அந்தச் சின்னக் கட்டத்தை இடப்பக்கம் இழுத்து வைத்தாள். பிறகு நல்லதம்பி கேட்டபடியெல்லாம் தொட்டி உயரத்தைக் கூட்டினாள், டூல் பாக்ஸை நகர்த்தினாள். அவர் தன் சொந்தச் சேசிஸ் பக்கத்தில் நின்றுகொண்டு, அதன் மேல் லாரி வளர்வதைப் பார்த்தார்.

“நீ அதுல மாத்துனா இதுல மாறுதே சாமி! இப்படியே போட்டுக் குடு, எட்டாவது வண்டியும் இங்கதான்” என்றார் சுமதியிடம். போகும்போது என் தோளைத் தட்டி, “வெளிய வந்தா டவரு எடுக்குமுன்னு சொன்னனா இல்லீங்களா?” என்றார். “ஆமாங்க” என்றேன். இன்றுவரை அவர் அப்படித்தான் நம்புகிறார், எனக்கு மறுத்துப் பேச முகமில்லை.

டிராயிங் சேலத்துக்குப் போகவில்லை. சாயந்திரம் சுமதியிடம் மன்னிப்புக் கேட்டேன். “உடுங்க சார், சாமிக்குன்னுதானே வெச்சீங்க” என்றாள். நான் கேட்டது சந்தனத்துக்காக இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கேபிள் இறுக்கமாகப் போனால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்து ஓட்டையைப் பாருங்கள். “கடைசியா என்ன பண்ணுன?” என்ற கேள்வியை எதிரில் இருக்கிறவரிடம் கேட்பதற்கு முன் உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆயுத பூசைக்கும் கூப்பிட்டார்கள். போனேன். லேப்டாப்பின் எல்லா ஓட்டைகளையும் சுமதி பெயிண்டரின் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி மூடி வைத்திருந்தாள். சந்தனத் தட்டு என் பக்கம் வராமலே சுற்றிப் போனது. கடைசியில் அதை அவளே எடுத்துவந்து, விரலில் தொட்டுக்கொண்டு, என் நெற்றியை உற்றுப் பார்த்தாள்.

“இங்க போர்ட்டு எதும் இல்லீங்களே சார்?”