ஜன்னல் வழியே வாங்கிய ஈசல்

ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த காலத்தை நினைத்தால் எனக்கு மிஷின் சத்தம் ஞாபகம் வருவதில்லை. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு நாள் மணந்த ஈசல் வறுவல்தான் வருகிறது. இப்போதும் மழை விட்டால் மூக்கு அதைத் தேடுகிறது, என்ன செய்ய!

சேரப்பணஞ்சேரியில் என் அறைக்கு எதிர்வீட்டு அக்கா, எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் செய்தவர். மேஸ்திரியின் வாய் தாங்காமல் வேலையிலிருந்து நின்றுவிட்டு, பஸ் நிற்கும் இடத்தில் பொரியும் சுண்டலும் விற்றார். வியாபாரம் சுமார்தான். ஈசல் வறுத்த அன்று காலை அதே மேஸ்திரி போன் போட்டான்: "ஆளு கொறையுது. வர்றியா இல்லியா, சாயங்காலத்துக்குள்ள சொல்லு." அக்காவுக்கு மறுபடி அவன் முகத்தில் விழிக்க மனசில்லை. வேறு வழியும் இல்லை. "இன்னிக்கு யாவாரத்தப் பாத்துட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

முந்தைய நாள் நல்ல மழை. தெருவிளக்கடியில் மொய்த்த ஈசலை அக்கா வாரி வைத்திருந்தார். அதை வெயிலில் காயவைத்து, முறத்தில் புடைத்து இறக்கையைப் போக்கி, அரிசியோடு வறுத்து, பொட்டுக்கடலையும் மிளகாய்த்தூளும் கலந்தார். அகலமான தாம்பாளத்தில், வருகிறவர் போகிறவர் பார்க்கும்படி குவித்து வைத்தார். அங்கேதான் பிசகியது.

ஷிஃப்ட் விட்டதும் கூட்டம் சூழ்ந்தது. எங்கள் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் வேலை செய்யும் ஒருத்தன், வாய் மூடாத பயல், குனிந்து பார்த்தான்.

"இன்னாக்கா, ஈசலா? ஒரு நாள் வந்துட்டு மறுநா காணாமப் பூடும். இதுவும் கான்ட்ராக்ட்தானா?"

எல்லாரும் சிரித்தார்கள். "நீ மட்டும் பர்மனென்டாடா? தின்னு பாத்துட்டு பேசு" என்றார் அக்கா.

கதைகள் கிளம்பின. "எங்கம்மா வறுத்தா தெருவே மணக்கும்" என்றார் மணிமங்கலத்துக்காரர் ஒருவர். "எங்க பக்கம் வெல்லம் போட்டு இடிச்சுத் தருவாக" என்றார் தெற்கிலிருந்து வந்த சூப்பர்வைசர். இன்னொருவன் போனைத் தூக்கிக் காட்டினான்: "பாருங்கபா, ஃபாரின்ல வெட்டுக்கிளி மாவுல பிஸ்கட்டு போடறான். புரோட்டீனாம்!"

"அத்த வாங்குவியா?" என்றார் அக்கா.

"பாக்கெட்டுல வந்தா வாங்கலாம்கா."

"அப்ப பூச்சி மேல கோவமில்ல, என் தட்டு மேலதான் கோவம்!"

சிரிப்பு, பேச்சு, எச்சில் விழுங்கல், எல்லாம் இருந்தது. கை மட்டும் நீளவில்லை. யூனிபார்ம் போட்டு, கழுத்தில் ஐடி கார்டு தொங்க, நாலு பேர் பார்க்க ஈசல் வாங்குவதா என்று ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். நான் ஒரு பொட்டலம் கேட்டேன். "எதுத்த வூட்டு ஆளு வாங்குனா அது யாவாரமா? போ அப்பால" என்றார்.

பஸ் வந்தது. கூட்டம் ஏறிவிட்டது. அக்கா தாம்பாளத்தின் மேல் துணியைப் போர்த்தினார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

அப்போது பின் ஜன்னலிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. "அக்கா, ஒண்ணு குடு. மூடிக் குடு." குரல் பெயின்ட் ஷாப் பயலுடையது. அதைக் கேட்டதும் முன் ஜன்னலிலிருந்து இன்னொரு கை. அதற்கடுத்து சூப்பர்வைசரின் கடிகாரக் கை. முகம் ஒன்றும் வெளியே வரவில்லை, எல்லாம் கைகள்தான். அக்கா பஸ்ஸைச் சுற்றி ஓடி ஓடிக் கொடுத்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். அடித்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு எடுத்து வைம்மா" என்றார்.

உள்ளே வந்த பொட்டலங்கள் மடி மாறின. கடக் முடக்கென்று பஸ் முழுக்கச் சத்தம். கேலி பேசியவனே, "எனக்கு மிச்சம் வைங்கடா" என்று சண்டை போட்டான். அந்தக் கூட்டம் இன்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறது.

பஸ் நகரும்போது அக்காவின் போன் அடித்தது. மேஸ்திரிதான். காலியான தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் சத்தமாகப் பேசினார்: "வேற ஆளப் பாத்துக்கப்பா. நாளிக்கு எனக்கு பஸ்ஸாண்ட வேலை கீது."