கையில் கட்டிய டோக்கன்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். சுடுகிற கருங்கல் தரையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு, ஒரு கல்லூரிப் பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். காரணம், என் செல்போன்.

வாலாஜாபாத்திலிருந்து என் நாத்தனார் வசந்தா வந்திருந்தாள். "கோயிலுக்குப் போலாம் அண்ணி" என்றாள். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். எங்கள் காஞ்சிபுரத்தில் தெருவுக்கொரு கோயில். அவரவர் மனசுக்குப் பிடித்த கோயிலாக நினைத்துக்கொள்ளுங்கள், வம்பில்லை.

அங்கே செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. ஒரு மகளிர் சுய உதவிக் குழு அதை நடத்துகிறது. போனைக் கொடுத்தால் பிளாஸ்டிக் டோக்கன் தருவார்கள். அன்றைக்குப் போனால் டோக்கனைக் காணோம்! அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க சில கல்லூரிப் பிள்ளைகள். மேஜை மேல் ஒரு லேப்டாப்.

"காலேஜ் ப்ராஜெக்ட் மேடம். இன்னிக்குத்தான் ஸ்டார்ட் பண்றோம்" என்றாள் ஒரு பெண். பெயர் கீர்த்தனா, இன்ஜினீயரிங் கடைசி வருடம். "இனிமே டோக்கனே கெடையாது. உங்க நம்பருக்கு ஒரு கோட் வரும். திரும்பி வரும்போது அதைக் காட்டினா போதும்."

அட, பரவாயில்லையே என்று போனைக் கொடுத்தேன். அது அவள் கையில் இருக்கும்போதே 'டிங்' என்று கோட் வந்தது. இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டோம். நான் உள்ளே போய்விட்டேன்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கோ அர்ச்சனை பாதி நடக்கும்போதுதான் புரிந்தது. கோட் எங்கே இருக்கிறது? போனில். போன் எங்கே இருக்கிறது?

வெளியே ஓடி வந்தால், எனக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் கவுன்ட்டரைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தது. பெயரைச் சொன்னால் தேட முடியாதா? முடியாதாம். கோட் இல்லாமல் எந்தத் தட்டில் யாருடைய போன் என்று அந்த சிஸ்டம் சொல்லவே சொல்லாது. பாதுகாப்பாம்! சரி, என் நம்பருக்குக் கூப்பிட்டால்? கோயில் வாசல் என்பதால் எல்லாப் போனையும் அவர்களே சைலன்ட்டில் போட்டு அடுக்கியிருந்தார்கள்.

வசந்தாவிடம் இருப்பது பட்டன் போன். அங்கே இருந்த ஒரே பட்டன் போன் அதுதான். கையைக் காட்டினாள், வாங்கிக்கொண்டாள், நிழலில் போய் உட்கார்ந்தாள். நானோ கறுப்புப் போன் ஒவ்வொன்றிலும் விரலை வைத்துத் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கடையில்கூட நான் இத்தனை தடவை கைரேகை வைத்ததில்லை.

"காலேஜ்ல இதை நீங்க டெஸ்ட்டே பண்ணலியா?" என்று கத்தினேன்.

கீர்த்தனா முகம் செத்துப்போய்ச் சொன்னாள்: "பண்ணோம் மேடம். எங்க எல்லார்கிட்டயும் ரெண்டு ரெண்டு போன் இருந்துது. ஒண்ணக் குடுத்துட்டு இன்னொண்ணுல கோட் பார்த்தோம்."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. கோயில் அலுவலகத்தில் புகார் எழுதித் தருகிறேன் என்று கிளம்பினேன். அப்போதுதான் குழுத் தலைவி தேவிகா பின்னாலேயே ஓடி வந்தார். திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வந்து போகிறவர்.

"அக்கா, எழுதிடாதீங்கக்கா. திருவிழா வரைக்கும் பார்ப்போம்னுதான் ஆபீஸ்ல சொல்லிக்கினு இருக்கறாங்க. புகார் வந்துதுன்னா கவுன்ட்டரை கான்ட்ராக்ட்காரங்களுக்குக் குட்த்துடுவாங்க. நாங்க எல்லாம் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

விஷயம் இதுதான். கோயிலுக்கு வருகிற ஜனம் டோக்கனைத் தொலைத்துவிடுகிறது. அர்ச்சனைக் கூடை, குழந்தை, பிரசாதம், குடை... இத்தனைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வில்லையை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? டோக்கன் இல்லாமல் வந்து நின்று போனைக் கேட்பார்கள். தினமும் தகராறு. அதைத் தீர்க்கத்தான் கல்லூரி இந்தப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறது. அவர்களுக்கு இது ப்ராஜெக்ட். தேவிகாவுக்கு இது வேலை.

நான் புகார் எழுதவில்லை. மனசு இளகிவிட்டது என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். இது எங்கே போய் முடிகிறது என்று பார்க்கிற ஆசை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் நானும் வசந்தாவும் மறுபடியும் போனோம். லேப்டாப்பைக் காணோம்! கீர்த்தனா என்னைப் பார்த்ததும் ஒளிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் நேராக வந்து, "மேடம், கையை நீட்டுங்க" என்றாள்.

பட்டு நூலை முறுக்கிய ஒரு கயிறு. அதில் நம்பர் போட்ட சின்ன அட்டை. அதை மணிக்கட்டில் கட்டிவிட்டாள். கயிறு அரக்கு நிறம் என்றால் போன் முதல் ரேக்கில். மஞ்சள் என்றால் இரண்டாவது. பச்சை என்றால் மூன்றாவது. அவள் டீமில் இருக்கும் யோகேஷுக்கு வீடு ஐயம்பேட்டை. வீட்டில் தறி ஓடுகிறது. மீந்துபோன சாய நூலை அவன்தான் பை நிறையக் கொண்டுவந்திருந்தான். கையில் கட்டியது எப்படித் தொலையும்? நல்ல யோசனைதானே!

நல்ல யோசனைதான். ஆனால் எந்த ஊரில், எந்த வாசலில் கட்டுகிறோம் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். கோயில் வாசலில் ஒருத்தர் கையில் கயிறு கட்டினால் அவர் என்ன செய்வார்? கண்ணில் ஒற்றிக்கொள்வார். போனை வாங்கிக்கொள்வார். அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்!

"ஐயா, கயித்தக் குட்த்துட்டுப் போங்கய்யா" என்று தேவிகா ஒரு பெரியவர் பின்னாலேயே ஓடினார். பெரியவருக்கு வந்ததே கோபம். "சாமி வாசல்ல கட்ன கயித்த அவுக்கச் சொல்றியே, நல்லா இருப்பியாம்மா நீ?"

என் நாத்தனார் மட்டும் என்னவாம்? கயிறு, நம்பர் அட்டை எல்லாவற்றோடும் பஸ் ஏறி வாலாஜாபாத் போய்விட்டாள். ராத்திரி போன் செய்கிறாள். "அண்ணி, அதக் கட்னதுலேர்ந்து முட்டிவலி கொஞ்சம் கொறஞ்சாப்பல இருக்குது. நம்பரு அட்டையையும் பூஜை ரூம்லயே வெச்சிட்டேன்."

இரண்டே நாளில் அட்டைகள் தீர்ந்துபோயின. வெட்டி வெட்டிப் பிள்ளைகளுக்குக் கை வலி. திருவிழாவுக்கோ நாள் நெருங்கிவிட்டது. மறுநாள் நான் அங்கே போனபோது தேவிகா பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு மார்க்கு போனா அடுத்த பரீட்சை இருக்குதும்மா. எங்களுக்கு இன்னா இருக்குது? பழைய டோக்கனே போதும், வுடுங்க!"

யோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். கீர்த்தனா குனியவில்லை. "அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கயிறு கட்ட ஆரம்பிச்சதுல இருந்து, டோக்கன் தொலைஞ்சிடுச்சுன்னு யாராவது வந்தாங்களா?"

தேவிகா யோசித்தார். மற்ற பெண்களைப் பார்த்தார். ஒருத்தருமே வரவில்லை.

"சாமி கயித்த யாரும் தொலைக்க மாட்டாங்கக்கா. அப்போ கயிறு போகட்டும், அட்டையை மட்டும் வாங்கிக்கலாம். ஒரு கத்திரிக்கோல் போதும்" என்றாள் கீர்த்தனா.

"நூலு பத்தியும் கவலைப்படாதீங்கக்கா, எங்க தெருவுல எல்லார் வூட்லயும் கெடக்குது" என்றான் யோகேஷ், இப்போது நிமிர்ந்து.

இந்த இடத்தில் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அதற்கப்புறம் அந்தப் பெண் இன்னொன்று சொன்னாள். "ஆனா ஒரு போர்டு வெக்கணும். இது அடையாளக் கயிறுதான், சாமி கயிறு இல்லைன்னு. தெரியாம கண்ல ஒத்திக்கினு போறாங்க. நாம ஏமாத்தற மாதிரி இருக்குது."

தேவிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போர்டா? அப்புறம் எவன் மதிப்பான்? கண்ட எடத்துல கழட்டிப் போட்டுட்டு வந்து நிப்பான். நாமளா இன்னா பொய்யா சொன்னோம்? அவங்களா நெனச்சிக்கினா நாம இன்னா பண்றது?"

"சொல்லாம கட்ட மாட்டேன்கா."

எனக்கே அவளைத் தலையில் குட்டலாம் போலிருந்தது. இப்போதுதான் உருப்படியாக ஒன்று அமைந்திருக்கிறது, அதையும் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? அதே சமயம் ஒரு பெருமையும் வந்தது. யாரும் கேட்காதபோது உண்மையைச் சொல்கிற இன்ஜினீயர் நமக்கு அடிக்கடி கிடைப்பதில்லையே! தேவிகா முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். பெரிய எழுத்தில் போர்டு ஏறியது.

திருவிழா வந்தது. விடிவதற்கு முன்னாலேயே கூட்டம் தெருமுனை வரைக்கும் நின்றது. கோயில் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து கவுன்ட்டருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தேவிகா அவரைப் பார்ப்பதும், போர்டைப் பார்ப்பதும், கீர்த்தனாவை முறைப்பதுமாக இருந்தார். எனக்கென்ன வந்தது, நான் வெறுமனே சாமி கும்பிட வந்தவள்தானே? ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

ஜனங்கள் போர்டைப் படித்தார்கள். எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே படித்தார்கள். ஒரு அம்மாள் படித்து முடித்துவிட்டு, கையை நீட்டிக் கயிறு கட்டிக்கொண்டு, வழக்கம்போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அம்மா, போர்டைப் பாத்தீங்களா? இது சாமி கயிறு இல்லம்மா" என்றாள் கீர்த்தனா, விடாமல்.

"பாத்தேன் கண்ணு. சாமி வாசல்ல கட்னது வேற இன்னாவாம்?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனார்.

தேவிகா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். அதற்கப்புறம் அவர் யாரையும் முறைக்கவில்லை, முறைக்க நேரமும் இல்லை. சாமி புறப்பாடு முடிந்து ஜனம் மொத்தமாகத் திரும்பியபோது, நிறத்துக்கொரு வரிசையாகக் கூட்டம் தானே பிரிந்து நின்றது. கத்திரிக்கோல் அட்டையை வெட்டியது, போன் கைக்கு வந்தது, கயிறு வீட்டுக்குப் போனது. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சண்டைதான். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. மனைவிக்கு மட்டும் அரக்குக் கயிறு, எனக்கு ஏன் பச்சை என்று மாப்பிள்ளை கேட்டார். யோகேஷ் போனையும் ரேக் மாற்றி வைத்துவிட்டு அரக்கே கட்டிவிட்டான். அந்த அதிகாரி எழுந்து போகும்போது அவர் கையில் ஒரு மஞ்சள் கயிறு இருந்ததை நான் பார்த்தேன்.

போன வாரம் கல்லூரியில் ஃபைனல் ரிவ்யூ. "நீங்கதான் எங்க முதல் யூசர், கண்டிப்பா வரணும் மேடம்" என்று கீர்த்தனா கூப்பிட்டிருந்தாள். யூசரா? விரல் தேய்ந்தவள் என்று சொல்லியிருக்கலாம். போனேன்.

மற்ற டீம்கள் எல்லாம் திரையில் என்னென்னவோ ஓடவிட்டார்கள். இவர்கள் மேஜையில் வைத்தது ஒரு நூல்கண்டு, ஒரு கத்திரிக்கோல், கொஞ்சம் அட்டை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"இதுல கம்ப்யூட்டர் எங்கம்மா?"

"முதல்ல இருந்துது சார். எடுத்துட்டோம்."

"எடுக்கறதுக்கா ஒரு செமஸ்டர்?"

"எதை எடுக்கணும்னு அங்க போய்த்தான் சார் தெரிஞ்சுது. லேப்ல எல்லாமே நல்லாத்தான் வேலை செஞ்சுது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பேராசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். முதலாமவர் விடுவதாக இல்லை. இதில் புதுமை என்ன, கயிறு கட்டுவது ஒரு கண்டுபிடிப்பா, எந்த அடிப்படையில் மதிப்பெண் போடுவது? அடுக்கிக்கொண்டே போனார். கீர்த்தனா ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். போன மாதம் என் எதிரில் முகம் செத்து நின்ற பெண்ணா இவள் என்றிருந்தது. நடுவில் அவள் கண் மட்டும் அடிக்கடி வாசலுக்குப் போய்வந்தது. குழுவின் சார்பில் தேவிகா வந்திருக்க வேண்டும். இன்னும் வரவில்லை. காலையிலேயே கோயில் அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. தேவிகா மூச்சு வாங்க உள்ளே வந்தார். யார் பேராசிரியர், யார் பெரியவர் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"சார், கவுன்ட்டரை எங்களுக்கே குட்த்துட்டாங்க சார். நாங்க பாஸ் ஆயிட்டோம். பசங்க பாஸா?"

முதல் பேராசிரியர் மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார். "பாஸ்தாம்மா" என்றார்.